கறுப்பு மருதோன்றி: அழகா, ஆபத்தா?

பெருநாள் நெருங்கிவிட்டால் கடைத்தெருவில் மருதோன்றிக் கோன்களுக்குத்தான் கிராக்கி. "கறுப்புக் கோன் இருக்கிறதா? அதுதான் ஒரு மணித்தியாலத்தில் பிடிக்கும்" என்று கேட்டு வாங்குவோர் நம்மில் பலர். சகோதரிகளே, அந்த அவசரத்திற்கு நாம் கொடுக்கும் விலை என்ன?

மருதோன்றி இலையில் கறுப்புச் சாயம் கிடையாது. அதிலுள்ள 'லோசோன்' என்னும் பொருள் தோலுக்குச் செம்மஞ்சள் நிறத்தையே கொடுக்கும். ஓரிரு நாட்களில் அது கருஞ்சிவப்பாகவோ கபிலமாகவோ மாறும். நமது உம்மம்மாமார் இலையை அம்மியில் அரைத்து, இரவு முழுவதும் கையில் வைத்திருந்தது நிறம் நன்றாகப் பிடிப்பதற்காகத்தான்.

அப்படியானால் கறுப்பு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும், தலைமயிர்ச் சாயங்களில் சேர்க்கும் 'பாரா பெனிலீன் டயமின்' என்ற இரசாயனத்திலிருந்து. ஐரோப்பிய ஒன்றியத்தில், தலையில் பூசும் சாயத்தில்கூட இது 2 வீதத்தைத் தாண்டக் கூடாது. தோலில் பூச அனுமதியே இல்லை. ஆனால் பரிசோதிக்கப்பட்ட கறுப்பு மருதோன்றிகள் சிலவற்றில் 15 வீதத்திற்கும் அதிகமாக இருந்திருக்கிறது.

பாதிப்பு உடனே தெரிவதில்லை. சிலருக்கு இரண்டு மூன்று நாட்களில் தெரியும். முதன்முறை பூசியவர்களுக்கு ஒன்றிரண்டு வாரங்களும் ஆகலாம். வரைந்த பூவும் கொடியும் அப்படியே சிவந்து தடித்து, அரிப்பெடுத்து, நீர்க்கொப்புளங்களாக எழும். ஆறிய பின்னும் தழும்போ நிறமாற்றமோ நிலைத்துவிடுவதுண்டு.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்றுண்டு. இந்த ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் நீங்காது. இன்று பத்து வயதில் கையில் பூசிக்கொண்ட மகள், நாற்பது வயதில் நரைக்குச் சாயம் பூசும்போது முகமும் கண்ணிமைகளும் வீங்கி வைத்தியசாலைக்கு ஓட நேரலாம். கறுப்பு, கருநீல ஆடைகளுக்கு ஏற்றும் சில சாயங்கள்கூட அவளுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். "போன பெருநாளைக்கும் பூசினேன், ஒன்றும் ஆகவில்லையே" என்பதும் உத்தரவாதமல்ல. பலமுறை பூசிய பின்னரும் ஒவ்வாமை தோன்றலாம்.

கவனிக்க வேண்டியவை:

* ஒரு மணித்தியாலத்திற்குள் கன்னங்கரேலெனப் பிடிக்கும் எதையும் தவிர்த்துவிடுங்கள்.

* என்னென்ன கலந்திருக்கிறது என்று குறிப்பிடாத கோன்களை வாங்காதீர்கள். சிறு பிள்ளைகளுக்குப் பூசவே வேண்டாம்.

* மணப்பெண்ணுக்கு மருதோன்றியிட வருபவரிடம், எதைக் கொண்டு வருகிறார் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

* அரிப்போ எரிவோ தொடங்கினால் உடனே நன்றாகக் கழுவுங்கள். கொப்புளங்களை உடைக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். என்ன பூசினீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

* ஒருமுறை பாதிக்கப்பட்டவர், வைத்தியரிடம் கேட்காமல் தலைமயிர்ச் சாயம் பாவிக்கக் கூடாது.

வீட்டு வேலியோரம் மருதோன்றிச் செடி நின்றால் நான்கு கைப்பிடி இலை போதும். அரைத்துப் பூசிவிட்டு விடியும்வரை பொறுத்திருந்தால், பிள்ளையின் கையும் சிவக்கும், தோலும் தப்பும்.