தொட்டி ஒழுகினால் முதலில் கீழ்வீட்டுக் கதவைத் தட்டுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையாகப் படியுங்கள்.

உங்களில் பலர் இன்று சென்னையிலும் கோவையிலும் அடுக்குமாடி வீடுகளில் வாடகைக்கு இருக்கிறீர்கள். நாய் வளர்க்க வீட்டு ஓனர் விடமாட்டார். பிள்ளைகளோ ஏதாவது ஒரு உயிர் வேண்டும் என்று அடம்பிடிக்கும். அதனால் கொளத்தூர் பக்கம் போய் ஒரு மீன்தொட்டி வாங்கி ஹாலில் வைத்துவிடுகிறீர்கள். நல்ல விஷயம்தான். மீனுக்கு நேரத்துக்கு இரை போடும் பிள்ளை பொறுப்பையும் சேர்த்துக் கற்றுக்கொள்கிறது.

ஆனால் தொட்டி ஒருநாள் ஒழுகும் என்று யாரும் நினைப்பதில்லை. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் போன மாதம் இரவு ஒன்பது மணிக்குப் போன் செய்தாள். "டீச்சர், தொட்டியோட மூலையில தண்ணி கசியுது. ஓனருக்குத் தெரிஞ்சா அட்வான்ஸ்ல கை வச்சிடுவாரு. யாருக்கும் சொல்லாம சமாளிச்சிடலாமா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எல்லோருக்கும் சொல்கிறேன். சமாளிக்கக் கூடாது. சொல்லிவிட வேண்டும். அதுவும் ஓனருக்கு முன்னால், கீழ்வீட்டுக்காரருக்கு.

ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. விநாடிக்கு ஒரு சொட்டு கசிகிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 86,400 விநாடி. ஏறக்குறைய 20 சொட்டு ஒரு மில்லி லிட்டர். அப்படியானால் ஒரு நாளில் நாலு லிட்டருக்கு மேல். கண்ணுக்கு அற்பமாகத் தெரியும் கசிவு இரண்டு குடம் நீரைத் தரையில் விட ஒரு வாரம் போதும்.

அந்த நீர் எங்கே போகும்? டைல்ஸ் இடுக்கு வழியாக இறங்கும். நம் ஊர்க் கட்டடங்களில் கீழ்வீட்டு ஃபேனுக்கும் விளக்குக்கும் போகும் ஒயர், குழாய்க்குள் கான்கிரீட் தளத்திலேயே புதைந்திருக்கும். தண்ணீர் அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டால் நேராக ஃபேன் மாட்டிய இடத்துக்கே வந்துவிடும். கீழே ஒரு குழந்தை சுவிட்சைத் தட்டும்போது என்ன ஆகும் என்று யோசியுங்கள். சுவரில் கறை விழுந்தால் பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம். இது அப்படியல்ல. அதனால்தான் சொல்கிறேன், கீழ்வீட்டுக்கு உடனே சொல்வது வெறும் மரியாதை அல்ல, பாதுகாப்பு. "மேலே தண்ணி கசிஞ்சிருக்கு. சீலிங்ல ஈரம் தெரியுதான்னு பாருங்க. தெரிஞ்சா அந்த லைன் மெயின அணைச்சிடுங்க" என்று சொல்ல அரை நிமிடம் ஆகுமா?

சரி, தொட்டியை என்ன செய்வது? முதலில் மோட்டார், விளக்கு எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்குங்கள். ஈரக் கையோடு அல்ல. பிறகு சோப்புப் படாத சுத்தமான வாளியில் தொட்டித் தண்ணீரையே நிரப்பி மீன்களை விடுங்கள். புதிதாகக் குழாய்த் தண்ணீர் பிடித்து விட்டால் அதிலுள்ள குளோரின் மீனுக்கு ஆகாது. ஃபில்டர் ஸ்பாஞ்சையும் அதே தண்ணீரில் போடுங்கள். அழுக்கை அரிக்கும் நல்ல கிருமிகள் அதில்தான் இருக்கின்றன. மீதித் தண்ணீரைக் கொசுவலைத் துணி கட்டிய குழாயால் இறக்குங்கள்.

நிறைந்த தொட்டியைத் தூக்கவே தூக்காதீர்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில் ஏறக்குறைய 56 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 56 கிலோ. கண்ணாடியும் கல்லும் தனி. தூக்கினால் மற்ற மூலைகளும் விட்டுப்போகும்.

கசிவை வெளிப்பக்கம் பசை தடவி அடைக்க முடியாது. உள்ளிருந்து தண்ணீர் அதைத் தள்ளிவிடும். ஆழம் கூடக்கூட அழுத்தம் கூடும் என்று அறிவியல் பாடத்தில் படித்தது நினைவிருக்கிறதா? அடிமூலை அதனால்தான் முதலில் விட்டுக்கொடுக்கிறது. உள்பக்கத்தில் பழைய சிலிக்கானைப் பிளேடால் சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டு, மீன்தொட்டிக்கென்றே விற்கும் சிலிக்கானைப் பூசுங்கள். பழையதன் மேல் புதியது சரியாக ஒட்டாது. பாத்ரூமுக்கு விற்கும் பூஞ்சைத் தடுப்பு சிலிக்கான் மீனைக் கொன்றுவிடும். குறைந்தது இரண்டு நாள் காயட்டும், வினிகர் வாடை முழுக்கப் போகட்டும். பிறகு பால்கனியில் வைத்துத் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் ஹாலுக்குக் கொண்டுவர வேண்டும்.

இனி அட்வான்ஸ் விஷயம். பயம் நியாயம்தான். சின்னக் கறையைக் காட்டிப் பெரிய தொகை பிடிக்கும் ஓனர்களும் இருக்கிறார்கள். ஆனால் மறைப்பது அவர்களுக்குத்தான் வசதி. ஆறு மாதம் கழித்துத் தெரியவந்தால் கட்டடத்தின் எல்லா ஈரமும் உங்கள் தலையில் விழும். அன்றைக்கே போட்டோ எடுத்து, நடந்ததை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிட்டால் தேதியோடு சாட்சி இருக்கும். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நீங்கள் தரவேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தரவேண்டும். கழிப்பது நீங்கள் செய்த சேதத்துக்குத்தான், வீட்டின் வயதுக்கு அல்ல. நம் தொட்டியால் வந்த சேதம் என்றால் முகம் சுளிக்காமல் கொடுத்துவிடுங்கள். அது நம் கடன்.

உறவுகளில் வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. குடியிருப்பவர் தானாக வந்து சொன்னால் முதல் வாக்கியமே பணமாக இருக்க வேண்டாம். சொன்னவரைக் கடிந்தால் அடுத்த முறை குழாய் உடைந்தாலும் சொல்லமாட்டார். நஷ்டம் உங்கள் கட்டடத்துக்குத்தான்.

வகுப்பில் மைக்கொட்டியை உடைத்தவன் தானே எழுந்து சொன்னால் நான் அடித்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எத்தனை மாடி ஏறிப் போனாலும் அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள், கண்ணுகளா.