மாத்திரை மட்டும் போதாது

சர்க்கரை நோயைப் பணக்கார வியாதி என்று சொல்லும் வழக்கம் நம்மைவிட்டு இன்னும் போகவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் 15 மாநிலங்களில் நடந்த ஆய்வு 2017-லேயே அதை மறுத்துவிட்டது. தமிழ்நாடு போன்ற வளர்ந்த மாநிலங்களின் நகரங்களில், வசதி உள்ளவர்களைவிட ஏழைகளிடம்தான் இந்நோய் அதிகம். தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போகிறவர்கள் அந்த நகர ஏழைகளோடுதான் போய்ச் சேருகிறார்கள்.

2004 வரை தருமபுரியோடு இருந்த கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில், 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்தன. ஐ.நா. விருதும் பெற்ற இத்திட்டம் கூலிக் குடும்பங்களுக்குச் செய்திருப்பது பெரிய உதவி. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டோம்.

ஆனால் சர்க்கரை நோயில் ஆளை முடக்குவது பின்னால் வரும் கேடுகள். விழித்திரையும் சிறுநீரகமும் சத்தமில்லாமல் கெடும். உணர்ச்சி மரத்த காலில் முள் குத்தினாலும் தெரியாது. புண் புரையோடிய பிறகு விரலையோ காலையோ எடுக்க வேண்டி வரும். செங்கல் சூளையிலும் கல் குவாரியிலும் நிற்பவருக்குக் கால் போனால் அந்த வீட்டின் வருமானமும் போகிறது. வசதி உள்ளவர் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி பார்க்கிறார், ஆண்டுக்கொரு முறை விழித்திரையைக் காட்டுகிறார். கூலிக்காரருக்குத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சை இலவசம்தான். ஆனால் அங்கே போய்வர ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் ஆகும். மலைக் கிராமத்தார் அதற்கு முன் கீழே இறங்கியாக வேண்டும். பென்னாகரம் தொகுதியின் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதை மீது ஏற்றிக் கொண்டுபோனதை நாடே பார்த்தது. ஓட்டு வாங்க ஏற முடிந்த மலைக்கு இன்சுலினைக் குளிர் கெடாமல் கொண்டுபோகவும் முடிய வேண்டும்.

உணவிலும் இதே கதைதான். 'சோற்றைக் குறையுங்கள், காய்கறி நிறையச் சாப்பிடுங்கள்' என்று ரேஷன் அரிசியை நம்பி வாழும் வீட்டுக்குச் சொல்வது எளிது. தருமபுரியிலும் நீலகிரியிலும் 2023 முதல் ரேஷனில் கேழ்வரகு தருவது நல்ல தொடக்கம். கேழ்வரகும் அளவோடு உண்ண வேண்டிய மாவுச்சத்துதான். கூடவே பருப்பும் பயறும் போதிய அளவு கிடைக்காமல் அறிவுரை மட்டும் பலிக்காது.

வழி தெரியாத மாவட்டம் அல்ல தருமபுரி. சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையே சிட்லிங்கியில், 1993 முதல் மருத்துவர்கள் ரெஜியும் லலிதாவும் பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து வருகிறார்கள். உள்ளூர்ப் பெண்ணின் கையில் மாத்திரையோடு கால் பரிசோதனையும் சேர்ந்தால் எத்தனையோ கால்கள் தப்பும்.

அரசு இதை இந்த ஆண்டே செய்ய வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்கள் வாரத்தில் ஒரு மாலையும் ஞாயிறு காலையும் சர்க்கரை நோயாளிகளுக்கென்றே இயங்கட்டும். மூன்று மாதச் சராசரி, கண், கால் பரிசோதனைகள் ஊருக்கருகிலேயே கிடைக்கட்டும். வெளியூர் வேலைக்குப் போகிறவருக்கு மூன்று மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுங்கள். அவருடைய சிகிச்சைக் குறிப்பு பெங்களூர் அரசு மருத்துவமனையிலும் செல்லுபடியாகும்படி கர்நாடகத்தோடு பேசுங்கள்.