சம்மதம் கேட்டது யார்?

“இந்த நாட்டில் பிறந்தாய், ரேஷன் வாங்குகிறாய், ஓட்டுப் போடுகிறாய், ஆகவே அதன் சட்டத்துக்கும் கடமைக்கும் நீ சம்மதித்தவன்தான்” என்கிறார்கள் சட்டம் படித்தவர்கள்.

தோழர்களே, நாம் கூலிக்கு நிற்கும் இதே டில்லியில் 1964 அக்டோபர் 30 அன்று நடந்தது என்ன? சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இலங்கைத் தோட்டங்களில் நாடற்றுக் கிடந்த நம் மக்கள் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கொழுந்து நிறுப்பதுபோல!

காட்டை வெட்டித் தேயிலை வளர்த்து, தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணிலேயே புதைந்தவர்கள். இருப்பதே சம்மதம் என்றால் அதைவிடப் பெரிய சம்மதம் ஏது? 1948இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. ஒப்பந்தத்துக்குப் பிறகு விண்ணப்பம் வாங்கினார்களே, அப்போது இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தவர்கள் அந்த எண்ணிக்கையை எட்டவில்லை. மக்களை வாய் திறக்கவிட்ட ஒரே இடம் அது. அங்கேயே தலைவர்களின் கணக்குப் பொய்த்தது.

அக்கரைக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். நம் ஜங்புரா மதராசி கேம்ப் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. 370 வீடுகள். இடித்தபோது நரேலாவில் மாற்று வீட்டுக்குத் ‘தகுதி’ பெற்றவை 189தான். நரேலா எங்கே, நம் பெண்கள் வேலை பார்க்கும் ஜங்புரா எங்கே! ஓட்டுக் கேட்டு அந்தச் சந்துகளில் நுழைந்தவர்கள் வாசலுக்கு வாசல் தகுதி பார்த்தா கும்பிட்டார்கள்?

கடமைக்கு நம் சம்மதத்தை அவர்களே எழுதிக்கொள்கிறார்கள். கூரைக்கு மட்டும் நாம் காகிதம் காட்ட வேண்டும். அடுத்த தேர்தலில் கைகூப்பி வருகிறவரிடம், மற்ற வீட்டுக்காரர்கள் எங்கே போனார்கள் என்று முதலில் கேளுங்கள்.