பசு தின்றது ஒன்று, நாம் அறுத்தது வேறொன்று

மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸில் சந்தை அடங்கிய பின், ஓரத்தில் குவிந்த காய்கறிக் கழிவை மேயும் பசுக்களைக் கவனித்திருக்கிறீர்களா? முள்ளங்கியின் இலையைத் தின்னும். முற்றிய தண்டை மூக்கால் ஒதுக்கும். குப்பையிலேயே தேர்ந்து தின்னும் விலங்கு, புல்வெளியில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தின்னும் என்று நம்புகிறவர்கள் யார்? மேய்ச்சலை ஆராயும் நாம்தான்.

நம் வழக்கமான முறை அனைவரும் அறிந்ததே. சதுரச் சட்டத்தை நிலத்தில் வைத்து, உள்ளிருக்கும் புல்லை அடியோடு அறுத்து, உலர்த்தி அரைக்கிறோம். 1963இல் டில்லியும் டெர்ரியும் வகுத்த ஆய்வக முறையில் அதன் செரிமானத்தன்மையைக் கணிக்கிறோம். பின்னர் என்டிஎஃப் எனப்படும் செல்சுவர் நாரை அளந்து, 120ஐ அந்த விழுக்காட்டால் வகுக்கிறோம். உடல் எடையில் எத்தனை விழுக்காடு உலர்பொருளை மாடு தின்னும் என்பதற்கு விடை கிடைத்துவிடுகிறது. மெர்டென்ஸ் 1980களில் அமெரிக்கக் கறவை மாடுகளுக்காக வகுத்த கருத்திலிருந்து வந்த வாய்பாடு இது. தொட்டியில் தீனி தின்னும் மாட்டுக்கு அது பயன்படும். தானே தேடி மேயும் மாட்டுக்கு அதை அப்படியே பொருத்துவது அறிவியல் ஆகாது.

ஓர் எடுத்துக்காட்டு. அடியோடு அறுத்த மாதிரியில் நார் 75 விழுக்காடு என்க. 300 கிலோ மாடு 4.8 கிலோ தின்னும் என்கிறது வாய்பாடு. பாதி செரித்தால் 2.4 கிலோ. அந்த மாடு உண்மையில் இலையை மட்டும் கடித்து, நார் 60 விழுக்காடுள்ள தீனியைத் தின்றிருந்தால், அளவு 6 கிலோ. அதில் 60 விழுக்காடு செரித்தால் 3.6 கிலோ. வாய்பாடு மாறவில்லை, மாடும் மாறவில்லை. மாதிரி மாறியதால் மட்டும் விடை ஒன்றரை மடங்காகிறது.

கொங்கு நாட்டுக் கொறங்காட்டுக்கு வாருங்கள். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல். கோடையில் காய்ந்த புல்லின் புரதம் ஏறத்தாழ 7 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால், முதல் இரைப்பையின் நுண்ணுயிர்கள் தளரும். செரிமானமும் தீனி அளவும் சேர்ந்து குறையும். அந்த நேரத்தில்தான் வெள்வேல் நெற்று உதிர்கிறது. ஆடு அதைப் பொறுக்கித் தின்கிறது. நெற்றின் புரதம் நுண்ணுயிர்களுக்கு உதவினால், அதே காய்ந்த புல்லும் கூடுதலாகச் செரிக்கும். நம் சதுரச் சட்டத்துக்குள் நெற்று வருகிறதா? பெரும்பாலும் வருவதில்லை.

இது வெறும் ஆய்வகச் சச்சரவு அன்று. ஜான்சியிலுள்ள இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிறுவனத்தின் 'விஷன் 2050' ஆவணம் நாட்டின் பசுந்தீவனப் பற்றாக்குறையை 35.6 விழுக்காடு என்றது. 2019இல் வந்த மறுகணக்கு 11.24 விழுக்காடு என்றது. வேறுபாட்டுக்குப் பல காரணங்கள் உண்டு. ஆயினும் இத்தகைய எந்தக் கணக்கிலும் தேவை என்ற பக்கம், ஒரு மாடு நாளொன்றுக்கு எவ்வளவு தின்னும் என்ற அனுமானத்தின் மேல்தான் நிற்கிறது. அனுமானம் ஆட்டம் காணும்போது இரண்டாம் தசமத்துக்கு என்ன பொருள்? அதே அனுமானம்தான் மானாவாரி மேய்ச்சல் நிலத்தை 'விளைச்சல் குறைந்தது' என்று முத்திரை குத்தி, பாசனம் இல்லாதவனிடம் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் நடச் சொல்கிறது.

"மாட்டின் பின்னே நடப்பது கடினம், செலவு மிகுந்தது" என்பார்கள். மாடு கடிக்கும் பகுதியைப் பார்த்து அதே உயரத்தில் கையால் பறிப்பதற்கு வேண்டியது பொறுமை மட்டுமே. சாணத்தின் நைட்ரஜனைக் கொண்டு செரிமானத்தைக் கணிக்கும் வழியை 1949இலேயே லங்காஸ்டர் காட்டிவிட்டார். அதற்குத் தேவையான கெல்டால் கருவி நம் ஆய்வகங்களில் இருக்கிறது. வெள்வேலின் டானின் அந்தக் கணக்கைக் குழப்பும் என்பது உண்மை. அதனால்தான் இறக்குமதிச் சமன்பாடு போதாது, உள்ளூரில் சரிபார்த்த சமன்பாடு வேண்டும் என்கிறேன். இதே பெங்களூரில், ஆடுகோடியில், கால்நடை ஊட்டச்சத்துக்கென்றே ஒரு தேசிய நிறுவனம் 1995 முதல் இயங்குகிறது. அறிவுக்குப் பஞ்சம் என்று நாம் சொல்ல முடியாது.

என் முதலாண்டு மாதிரிகளும் அரிவாளால் அடியோடு அறுத்தவையே. அவற்றை மேய்ச்சல் தரவு என்று இனி எழுத மாட்டேன். மதிப்பீட்டாளர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: மேய்ச்சல் பற்றிய எந்த ஆய்வேட்டிலும், "இந்த மாதிரியைத் தேர்ந்தது மாடா, நீயா?" என்று முதலில் கேளுங்கள். விடை 'நான்' என்றால், பிழை வரம்பு இல்லாமல் அந்த எண்ணை ஏற்காதீர்கள்.