மீனம்பாக்கத்தில் நிரப்பிய எரிபொருள்

1991 ஜனவரி 17 அதிகாலை பாக்தாத் மீது அமெரிக்கக் கூட்டணியின் குண்டுகள் விழத் தொடங்கியபோது இந்தியப் பிரதமராக இருந்தவர் சந்திரசேகர். பதவியேற்று இரண்டு மாதம் கடந்திருந்தது, அவ்வளவுதான். மக்களவையில் அவர் கட்சிக்கு அறுபது சொச்சம் உறுப்பினர்கள். ஆட்சி நின்றதே 1989 தேர்தலில் 197 இடங்களை வென்ற ராஜீவ் காந்தியின் காங்கிரஸ் தயவில். தமிழ்நாட்டில் சந்திரசேகர் என்றால் அந்த ஜனவரி இறுதியில் திமுக ஆட்சியைக் கலைத்தவர் என்றே பலரும் சொல்வார்கள். அதே வாரங்களில் அவர் எடுத்த இன்னொரு முடிவு அதிகம் பேசப்படுவதில்லை.

பிலிப்பைன்ஸ் பக்கமிருந்து வளைகுடாவுக்குப் பறந்த அமெரிக்க ராணுவச் சரக்கு விமானங்கள் இந்தியாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொள்ள அவர் அரசு அனுமதித்தது. பம்பாய், ஆக்ரா, சென்னை என மூன்று ஊர்கள். அணிசேராமையைப் பாடமாகப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு இது பேரதிர்ச்சி. அதுவும் ஒரு சோஷலிஸ்ட் கையால்! 1983இல் கன்னியாகுமரியிலிருந்து டெல்லிக்கு நடந்தே போனவர் அவர்.

காரணத்தைக் கஜானாவில் தேட வேண்டும். 1990 ஆகஸ்டில் சதாம் உசேன் குவைத்தைப் பிடித்ததும் கச்சா எண்ணெய் விலை சில மாதங்களில் இரு மடங்கானது. இந்தியாவுக்கு எண்ணெய் தந்துவந்த இராக், குவைத் இரண்டுமே தடைக்குள் போயின. அங்கே வேலை பார்த்த இந்தியர்கள் வீட்டுக்கு அனுப்பிவந்த பணமும் நின்றது. ஜனவரியில் அன்னியச் செலாவணிக் கையிருப்பு சுமார் 120 கோடி டாலர். சில வார இறக்குமதிக்கே அது காணும். அந்த மாதம்தான் சர்வதேச நிதியம் சுமார் 180 கோடி டாலர் கடன் கொடுத்தது. நிதியத்தில் மிகப் பெரிய வாக்கு வலிமை அமெரிக்காவுடையது. கடனுக்கும் எரிபொருளுக்கும் முடிச்சுப் போட்டவர்கள் அன்றே உண்டு. முடிச்சு இருந்ததோ இல்லையோ, அந்த நிலையில் வாஷிங்டனிடம் முடியாது என்று சொல்லும் தெம்பு டெல்லிக்கு இல்லை.

முந்தைய வி.பி. சிங் அரசும் கொள்கையை மட்டும் பார்த்து நடந்துகொள்ளவில்லை. வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் பாக்தாத் போய்ச் சதாமைக் கட்டித் தழுவிய படம் உலகெங்கும் கண்டனத்துக்கு ஆளானது. ஆனால் குவைத்திலும் இராக்கிலும் சிக்கியிருந்த சுமார் 1.7 லட்சம் இந்தியர்களை ஜோர்டானின் அம்மான் வழியாக ஏர் இந்தியா கொண்டுவந்து சேர்க்க சதாமின் சம்மதம் தேவைப்பட்டது. அந்தத் தழுவலைக் குறை சொல்வது எளிது.

சந்திரசேகர் சறுக்கியது வேறிடத்தில். எரிபொருள் தந்ததற்கு நியாயம் சொல்லியிருக்கலாம். அவரோ மூடி வைத்தார். நாட்டுக்குப் பத்திரிகைகள் வழியாகத்தான் விஷயம் தெரிந்தது. அணிசேராமையின் காவலராக ராஜீவ் எழுந்து நின்றார். தாங்கிப் பிடித்த கட்சியே எதிர்க்கட்சியாகப் பேசியது. அதில் கொள்கை எவ்வளவு, நெருங்கிவந்த தேர்தல் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது கடினம். பிப்ரவரியில் எரிபொருள் நிரப்புவது நிறுத்தப்பட்டது. அந்த மாதம் 28ஆம் தேதி போரே ஓய்ந்துவிட்டது. ராஜீவ் வீட்டருகே ஹரியானா காவலர்கள் இருவர் வேவு பார்த்ததாக எழுந்த தகராறில் மார்ச் 6 அன்று சந்திரசேகர் ராஜினாமா செய்தார்.

ஐ.நா. பாதுகாப்பு அவையிலும் தடுமாற்றம் தெரிந்தது. மார்ச் 2இல் போர் நிறுத்த நிபந்தனைகளை விதித்த 686ஆம் தீர்மானத்தில் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. ஏப்ரல் 3இல் இராக்கின் ஆயுதங்களுக்கு இன்னும் கடுமையான விலங்கு போட்ட 687ஆம் தீர்மானத்துக்குக் கை தூக்கியது. அப்போது சந்திரசேகர் காபந்துப் பிரதமர். அடுத்த மாதம், வற்றிப்போன அன்னியச் செலாவணியைத் திரட்ட, கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்த தங்கத்தில் 20 டன் சுவிட்சர்லாந்து வங்கி ஒன்றுக்குக் கைமாறியது.