இரண்டு வருட அனுபவம் எந்தக் கடையில் கிடைக்கும்?

"ஸ்டாஃப் நர்ஸ் தேவை. பி.எஸ்சி. அல்லது ஜி.என்.எம். இரண்டு வருட அனுபவம் அவசியம். தங்கும் வசதி உண்டு. ஒரிஜினல் சான்றிதழ்களுடன் நேரில் வரவும்."

இந்த மாதிரி ஒரு விளம்பரத்தைப் பார்க்காத நர்சிங் மாணவி தமிழ்நாட்டில் இருக்க முடியாது. முன்பெல்லாம் பேப்பரில் வரும், பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருக்கும். இப்போது வாட்ஸப் குரூப்பில் சுற்றுகிறது. இதில் நம்பக்கூடியது முதல் வரி மட்டும்தான். நர்ஸ் தேவை என்பது நிஜம். மிச்சமெல்லாம் அந்தத் தேவையை எவ்வளவு மலிவாகத் தீர்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு.

முதல் வேலையே கிடைக்காதவளுக்கு அனுபவம் எங்கிருந்து வரும் என்று எல்லாரும் கேட்டாகிவிட்டது. கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கேள்வி. அதை விடுங்கள். வேறு ஒன்று கேட்போம். அவளுக்கு நிஜமாகவே அனுபவம் இல்லையா?

பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம். அதில் பாதி கிளாஸ் ரூமில், மீதி வார்டில். பெட் மேக்கிங்கில் ஆரம்பித்து, பிபி பார்த்து, ஊசி போட்டு, பிரசவ வார்டில் நின்று, சைக்யாட்ரிக்கும் கம்யூனிட்டிக்கும் போய்விட்டுத்தான் வெளியே வருகிறாள். இந்திய நர்சிங் கவுன்சில் 2021ல் கொண்டுவந்த செமஸ்டர் பாடத்திட்டத்தில் எட்டாவது செமஸ்டர் பூராவும் ரெசிடென்சி போஸ்டிங். 22 வாரம், வாரத்துக்கு 48 மணி நேரம். பெருக்கிப் பார்த்தால் 1056 மணி நேரம் வருகிறது. "இன்னைக்கு ஸ்டூடண்ட்ஸ் வரலையா?" என்று பதறாத வார்டு சிஸ்டர் யாராவது உண்டா? மாணவியாக இருக்கும்போது அவள் இல்லாமல் வார்டு நகராது. ரிசல்ட் வந்து, கவுன்சிலில் பதிவு செய்து, ரிஜிஸ்டர்டு நர்ஸ் ஆன மறுநாள் அவளுக்கு "ஒன்றும் தெரியாது" ஆகிவிடுகிறது. என்ன மாயமோ!

இதைவிட நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. எய்ம்ஸ். நாட்டிலேயே சிக்கலான கேஸ்கள் போய்ச் சேருகிற இடம். அங்கே நர்சிங் ஆபீசர் வேலைக்கு 2020 முதல் நார்செட் என்று பொதுத்தேர்வு வைக்கிறார்கள். பி.எஸ்சி. முடித்தவருக்கு அனுபவமே கேட்பதில்லை. பதிவும் வேண்டும், பாஸும் வேண்டும், அவ்வளவுதான். (ஜி.என்.எம். என்றால் ஐம்பது படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் இரண்டு வருடம் கேட்கிறார்கள். அது நியாயமா என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம்.) ஏழாவது சம்பளக் கமிஷன்படி ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். ஆக, எய்ம்ஸ் ஐ.சி.யூ.வில் நிற்பதற்கு லாயக்கானவள், நம்மூர் ஐம்பது படுக்கை நர்சிங் ஹோமில் டிரிப் ஏற்ற லாயக்கில்லாதவள். இதை யாராவது விளக்கினால் புண்ணியமாகப் போகும் :-)

விளக்கம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. "அனுபவம் இல்லை" என்று சொல்லி அவளை வாசலோடு திருப்பி அனுப்புவதில்லை. அனுப்பினால்கூடப் பரவாயில்லை, வேறு வழி பார்ப்பாள். "அனுபவம் இல்லையே... சரி, ட்ரெய்னியா சேர்ந்துக்கோம்மா" என்பார்கள். அங்கேதான் சூட்சுமம். ட்ரெய்னி என்று பெயர் வைத்துவிட்டால் சம்பளம் சம்பளமாக இருக்க வேண்டியதில்லை, ஸ்டைபண்டு ஆகிவிடும். ஹாஸ்டலுக்கும் மெஸ்ஸுக்கும் பிடித்தம் போக, கையில் வருவது வீட்டுக்குச் சொல்லக் கூசுகிற தொகை. வேலை மட்டும் முழு வேலை. மூன்று ஷிப்ட்டும் உண்டு, நைட் உண்டு, கேஸ் ஷீட்டில் கையெழுத்தும் அவளுடையதுதான். ஏதாவது தப்பாகப் போனால் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியவளும் அவள்தான்.

ட்ரெய்னி என்றால் யாராவது ட்ரெய்னிங் கொடுக்க வேண்டும் இல்லையா? கொடுக்கிறவர் யார்? பல இடங்களில் அவளுக்கு ஆறு மாதம் முன்னால் சேர்ந்த இன்னொரு ட்ரெய்னி.

மருத்துவமனைக்காரர்கள் பக்கம் ஒரு வாதம் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டுப் போவது நேர்மை இல்லை. புதிதாக வருபவள் தப்பு செய்வாள், செய்தால் அது ஆபீஸ் ஃபைலில் விழுந்த மசி மாதிரி இல்லை என்கிறார்கள். உண்மை. பொட்டாசியம் குளோரைடை நேர்த்துப்போகச் செய்யாமல் அப்படியே வெயினில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். இன்சுலினில் யூனிட் மாறினால், ரத்தப் பையில் குரூப் மாறினால், அப்புறம் மன்னிப்புக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. முதல் வேலைக்குப் போகும் எந்த நர்ஸும் இதை நினைத்துப் பயப்படாமல் இருப்பதில்லை. அந்தப் பயம் நல்லதும்கூட.

ஆனால் இந்த வாதம் நிஜமானால் மருத்துவமனை என்ன செய்ய வேண்டும்? முதல் சில மாதம் அவளோடு ஒரு சீனியரை நிறுத்த வேண்டும். ஆபத்தான மருந்துகளை இரண்டு பேர் சரிபார்த்த பிறகே கொடுக்க விட வேண்டும். நைட்டில் தனியாக விடக்கூடாது. பொது வார்டில் ஆறு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று மத்திய அரசின் எஸ்.ஐ.யூ. விதிமுறை சொல்லிப் பல காலம் ஆகிறது. அந்த எண்ணிக்கையைப் பக்கத்தில்கூட எட்டாத வார்டில், ராத்திரி பத்து மணிக்கு, போன மாதம் சேர்ந்த பெண்ணிடம் இருபது பெட்டையும் ஒப்படைத்துவிட்டுப் போகிறவர்கள் நோயாளி பாதுகாப்பைப் பற்றிப் பேசினால் சிரிப்புதான் வருகிறது. அனுபவமில்லாதவள் ஆபத்து என்ற ஞானம் சம்பளம் பேசும்போது மட்டும் வருகிறது, டியூட்டி போடும்போது வருவதில்லை. 

அடுத்தது அந்த "ஒரிஜினல் சான்றிதழ்களுடன்". சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் யாருக்கும் பிரச்சினை இல்லை. வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறவர்களைப் பற்றித்தான் பேச்சு. பத்தாவது மார்க் ஷீட்டிலிருந்து கவுன்சில் பதிவுச் சான்றிதழ் வரை எல்லாம் உள்ளே. இரண்டு வருடத்துக்கு முன் போக வேண்டுமென்றால் இவ்வளவு ஆயிரம் கட்டு என்று பாண்டு. அடுத்த நல்ல வேலைக்கு இன்டர்வியூ வந்தால் காட்ட ஒரு காகிதம் கிடையாது.

1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆவது பிரிவு, பாக்கிக்காக அடுத்தவர் பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொதுவான உரிமையை யார் யாருக்குத் தருகிறது என்று ஒரு பட்டியல் போடுகிறது. வங்கிக்காரர், வணிக முகவர், துறைமுகச் சரக்குத்துறைக்காரர், உயர் நீதிமன்ற வழக்கறிஞர், காப்பீட்டுத் தரகர். மருத்துவமனை முதலாளி அந்தப் பட்டியலில் இல்லை. பாண்டு பணத்துக்கு 74ஆவது பிரிவு இருக்கிறது. ஒப்பந்தத்தில் எவ்வளவு எழுதியிருந்தாலும், கிடைப்பது நியாயமான இழப்பீடுதான், எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு மட்டுமே. "பாண்டு எதுவுமே செல்லாது" என்று சில சீனியர்கள் ஹாஸ்டலில் தீர்ப்புச் சொல்வார்கள், அதுவும் தவறு. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றுதான் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அங்கே நீதிமன்றம் பார்த்தது, பொதுத்துறை வங்கி வெளிப்படையாக விளம்பரம் செய்து, போட்டி வைத்து ஆள் எடுக்க ஆகும் செலவை. நர்சிங் ஹோம்காரர் ஒரு ட்ரெய்னியை எடுக்க என்ன செலவு செய்தார்? வாட்ஸப் ஃபார்வர்டா?

தனியார்தான் இப்படி, அரசு வேலை கிடைத்தால் போதும் என்று வீட்டில் சொல்வார்கள். அந்தக் கதையையும் பார்ப்போம். 2015ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்.ஆர்.பி.) தேர்வு எழுதி ஆயிரக்கணக்கான நர்ஸ்கள் அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்பது பேச்சு. இரண்டு வருடம் முடிந்தும் பெரும்பாலோர் நிரந்தரமாகவில்லை. 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் வந்து உட்கார்ந்தார்கள். விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. அதற்கப்புறம் 2018ல்தான் சம்பளம் 14,000 ஆனது.

கொரோனா காலம் இதைவிடச் சுவாரசியம். 2020ல் ஒப்பந்த நர்ஸ்களை அவசர அவசரமாக எடுத்தார்கள். 2021 மே 3ஆம் தேதி மத்திய அரசு, பி.எஸ்சி., ஜி.என்.எம். முடித்தவர்களை சீனியர்களின் மேற்பார்வையில் முழுநேர கொரோனா பணியில் இறக்கலாம் என்று சொன்னது. நூறு நாள் பணி செய்தால் அரசு வேலையில் முன்னுரிமை என்றது. ஆக்சிஜன் படுக்கைக்கு ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றபோது "இரண்டு வருட அனுபவம்" எங்கே போயிற்று? பி.பி.ஈ. கிட்டுக்குள் வியர்த்துக்கொண்டு நின்றவளிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு, தமிழ்நாட்டில் கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸ்களுக்கு வேலை முடிந்தது. புத்தாண்டு வாழ்த்து அட்டை அனுப்பினார்களா தெரியவில்லை. அவர்கள் ஜனவரியில் மறுபடி தெருவுக்கு வந்ததும், நீதிமன்றப் படி ஏறியதும் எல்லாருக்கும் தெரிந்ததே.

சம்பளம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது யாருக்கும் தெரியாத புதிர் இல்லை. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தனியார் மருத்துவமனை நர்ஸ்களின் நிலையைப் பார்க்க ஒரு குழு அமைக்கச் சொன்னது. அந்தக் குழு அதே வருடம் கணக்குப் போட்டுக் கொடுத்தது. 200 படுக்கைக்கு மேல் என்றால் மாநில அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம். 100 முதல் 200 வரை என்றால் 10 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது. 50 முதல் 100 என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது. ஐம்பதுக்கும் கீழே என்றால்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது. இதெல்லாம் 2016 விலைவாசியில்! மாநிலங்களுக்கு அனுப்பினார்கள், மாநிலங்கள் ஃபைலில் வைத்தன.

கேரளாவில் மட்டும் ஏதோ நகர்ந்தது. அங்கே 2011ல் யுனைடெட் நர்சஸ் அசோசியேஷன் என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஸ்டிரைக். 2018 ஏப்ரலில் அரசு 20,000 ரூபாய் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் என்று அறிவிக்கை போட்டது. அதுவும் தொடர் வேலைநிறுத்தம், நெடும்பயணம் என்று அறிவித்த பிறகு. மலையாளி சேச்சிகளுக்கு இயற்கையிலேயே தைரியம் அதிகம் என்று இங்கே சொல்லிக்கொள்கிறார்கள். சும்மா. சங்கத்தில் பெயர் எழுதியதுதான் வித்தியாசம்.

இங்கே இருக்கிறவளுக்கு வேறு ஒரு கணக்கு. வளைகுடாவில் பெரும்பாலான மருத்துவமனைகள் இரண்டு வருட அனுபவம் கேட்கின்றன. கல்விக்கடன் வேறு. படிப்பு முடிந்து ஒரு வருடத்தில் தவணை தொடங்கிவிடும். அதனால் "ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கோ, அப்புறம் சவூதி" என்று வீடே சொல்கிறது. அவள் பல்லைக் கடிப்பாள் என்பது நிர்வாகத்துக்கும் தெரியும். அனுபவச் சான்றிதழ் என்ற ஒரு தாளை இரண்டு வருட உழைப்புக்கு விற்கிறார்கள். கடைசி மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுத்தால்தான் அந்தத் தாள் வரும் என்கிற இடங்களும் உண்டு.

அந்தத் தாளோடு போனால் அடுத்த வாசலில் ஏஜென்ட் நிற்கிறார். 2015ல் சி.பி.ஐ. கொச்சியில் போட்ட வழக்கை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். குவைத் வேலைக்கு 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் தலைக்கு 19.5 லட்சம் வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்த வருடம்தான் மத்திய அரசு, வளைகுடா உள்ளிட்ட நாடுகளுக்கு நர்ஸ் அனுப்புவதை அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் செய்ய வேண்டும் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. தமிழ்நாட்டுக்கு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் (ஓ.எம்.சி.எல்.) சென்னையில் இருக்கிறது. எத்தனை கல்லூரியில் இந்தப் பெயரைச் சொல்லித்தருகிறார்கள்?

கல்லூரிகளைச் சும்மா விடக்கூடாது. "100% பிளேஸ்மென்ட்" என்று ஃபிளெக்ஸ் வைக்கிறார்கள். எந்த மருத்துவமனை, என்ன சம்பளம், பாண்டு உண்டா என்று மட்டும் ஃபிளெக்ஸில் இடம் இருக்காது. சில இடத்தில் பிளேஸ்மென்ட் என்பது கல்லூரி முதலாளியின் சொந்த மருத்துவமனையிலேயே ட்ரெய்னியாகத் தள்ளிவிடுவது. நான்கு வருடம் ஃபீஸ் கட்டியவள் ஐந்தாவது வருடம் உழைப்பாகக் கட்டுகிறாள்.

இந்த வருடம் இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் சில விஷயம் செய்யலாம். ஒரிஜினலைக் காட்டிவிட்டு ஜெராக்ஸ் கொடுங்கள். வாங்கி வைத்தே தீருவேன் என்றால் எந்தெந்தச் சான்றிதழ் என்று எழுதி, சீல் வைத்து ரசீது கேளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் வேலைக்கு எடுக்கிறவர் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். சம்பளம் கையில் வேண்டாம், வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். பாண்டில் தொகை எழுதாமல் கோடு போட்டு விட்டிருந்தால் கையெழுத்தே போடாதீர்கள். தனியாகப் போகாமல் பேட்ச்சில் நாலு பேராகப் போய்க் கேட்டால் இதெல்லாம் கேட்க இன்னும் சுலபம். தனியாக வருகிறவளை "உனக்குப் பின்னாடி பத்துப் பேர் நிக்கிறாங்க" என்று மிரட்டுவார்கள். அந்தப் பத்துப் பேரும் ஒன்றாகவே வந்து நின்றால் அந்த மிரட்டல் எடுபடாது.

இன்னும் ஒரு கேள்வி மறக்காமல் கேட்க வேண்டியது. "முதல் மாத நைட் டியூட்டியில் கூட இருக்கப்போகிற சீனியர் சிஸ்டர் யார்?" சம்பளத்தைப் பற்றிக் கேட்டால்கூட ஹெச்.ஆர். தயாராக ஒரு பதில் வைத்திருப்பார். இதற்கு என்ன சொல்கிறார் என்று பாருங்கள். பெயர் சொன்னால் சேரலாம். "அதெல்லாம் பழகிடும்மா" என்றால் ஃபைலை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம்.