புலமைப்பரிசில் முடிந்த பின் மழைமானியை யார் வாங்குவது?

எமது வியாபாரிகள் கல்விக்குக் கொடுப்பதில் பின்நின்றவர்கள் அல்லர். பேருவளை மாணிக்க வியாபாரி நளீம் ஹாஜியார் 1973இல் ஜாமிஆ நளீமிய்யாவை நிறுவியது முதல், பெயர் வெளியே தெரியாமல் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டும் சிறு கடைக்காரர்கள் வரை உதாரணங்கள் ஏராளம். ஆனால் அந்தப் பணம் எப்போதும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது. கட்டணம், விடுதி, புத்தகம், இப்போது மடிகணினி. படித்த பிள்ளை ஒரு பொருளைச் செய்துகொண்டு வந்து நிற்கும்போது மட்டும் கை மூடிக்கொள்கிறது. இது தர்மம் பற்றிய குறைபாடு அல்ல, வியாபாரம் பற்றிய குறைபாடு என்பதே எனது அபிப்பிராயம்.

அண்மையில் பொறியியல் பீட இறுதியாண்டு மாணவர் ஒருவருடன் பேசக் கிடைத்தது. கேகாலை மாவட்டத்துப் பிள்ளை. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் மலை சரிந்தபோது பாடசாலை மாணவராக இருந்தவர். 2025 நவம்பரில் டித்வா புயல் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டதையும் கண்டவர். அவர் தனது செயற்றிட்டமாகச் செய்திருப்பது ஒரு தானியங்கி மழைமானி.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. புனலுக்குக் கீழே ஊஞ்சல்போல் இரு சிறு வாளிகள். 0.2 மில்லிமீற்றர் மழைக்கு ஒருமுறை ஒரு வாளி நிறைந்து சாயும், மற்றது மேலெழும். சாயும் ஒவ்வொரு தடவையும் ஒரு காந்தம் சுவிட்சைத் தட்ட, கணக்கு ஏறும். 375 தடவை சாய்ந்தால் 75 மில்லிமீற்றர். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு முன்னெச்சரிக்கைக்கு வைத்திருக்கும் முதல் எல்லை 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழைதான். 100 ஆனால் அடுத்த கட்டம். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், வெளியேற வேண்டும். கணக்கை சிம் அட்டை மூலம் ஊரவரின் தொலைபேசிகளுக்கு அனுப்பும் வேலையை மாணவரின் கருவி செய்கிறது. பாகங்களில் பெரும்பாலானவை புறக்கோட்டையில் கிடைப்பவை.

அவருக்குக் கிடைத்த உதவியைக் கேளுங்கள். மஹாபொல 2025 ஏப்ரல் முதல் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்ந்தது நல்ல விடயமே, ஆனால் அது சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் போய்விடும். இதற்கு மேல் தனியார் நிதியம் ஒன்றின் புலமைப்பரிசிலும் அவருக்கு இருந்தது. முதல் கருவியை அதில் மிச்சம்பிடித்தே செய்திருக்கிறார். அடுத்து மூன்று கருவிகளை மலையடிவாரத்தில் ஒரு மழைக்காலம் முழுவதும் வைத்துப் பார்க்க உதவி கேட்டபோது, பொருளுக்குக் கொடுக்க விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. அந்த நிதியத்தாரைக் குறை சொல்வதற்கில்லை. படிப்புக்கென்று சேர்த்த பணத்தை அவர்கள் படிப்புக்குத்தான் கொடுக்க முடியும்.

எவ்வாறெனினும், கருவியின் உண்மையான செலவு தொடங்குவதே அந்த இடத்தில்தான். மேசையில் வேலை செய்யும் மழைமானி வெளியே போனதும் இலையால் அடைபடும், எறும்பு கூடு கட்டும், பல்லி குடியேறும். பற்றரி இறங்கும், சிம் அட்டைக்கு ரீலோட் போட ஆள் இருக்காது. இவை எல்லாவற்றையும்விடப் பாரதூரமானது ஒன்று உண்டு. கடும் மழையில், வாளி சாயும் அந்தக் கணத்தில் விழும் நீர் கணக்கில் சேராது. ஆகவே மழை கூடக் கூட இத்தகைய கருவி குறைத்தே காட்டும். எந்த இரவில் சரியான கணக்கு உயிர்போல் தேவையோ, அந்த இரவில்தான் அது பொய் சொல்லும். நம்பகமான மானியொன்றின் அருகே பல வாரங்கள் வைத்து ஒப்பிட்டுத் திருத்தினால்தான் இது தீரும். பரீட்சைப் புள்ளிகளுக்கு இது தேவையில்லை. மலையடிவாரத்தில் படுத்திருக்கும் குடும்பத்துக்குத் தேவை.

உகண்டாவின் கதையை இங்கே நினைவுபடுத்த வேண்டும். கம்பாலாவிலுள்ள மக்கரேரே பல்கலைக்கழகத்தில் 2015இல் 'எயார்கியூ' என்ற குழு மலிவான காற்றுமாசு அளக்கும் கருவிகளைச் செய்யத் தொடங்கியது. அதை ஆரம்பித்த கணினி விஞ்ஞானி பைனோமுகிஷாவின் முதற்பெயரே 'எஞ்சினியர்' என்பது ஒரு சுவையான தகவல். தூசி, வெப்பம், அடிக்கடி போகும் மின்சாரம் ஆகியவற்றைத் தாங்கும்படி கருவியைத் தம் ஊருக்கேற்ப வடிவமைத்தார்கள். வாடகை மோட்டார் சைக்கிள்களிலும் பொருத்தினார்கள். 2019இல் கூகிளின் கொடைப்பிரிவு 1.3 மில்லியன் டொலரும், 2021இல் மேலும் 3 மில்லியன் டொலரும் வழங்கியது. அந்த 2015க்கும் 2019க்கும் இடைப்பட்ட நான்கு வருடங்களைத்தான் நம்மவர்கள் கவனிக்க வேண்டும். கருவி களத்தில் நின்று பழுதாகி, திருத்தப்பட்டு, மீண்டும் நின்ற காலம் அது. பெரிய பணம் அதன் பிறகுதான் வந்தது. நமது மாணவருக்கு அந்த நான்கு வருடங்கள் கிடைப்பதில்லை. பட்டம் கிடைத்த மறுமாதம் மென்பொருள் நிறுவனத்திலோ கட்டாரிலோ வேலை கிடைக்கும். மழைமானி விரிவுரையாளரின் அலுமாரிக்குப் போகும்.

இதற்குப் புதிய நிதியம் ஒன்று தொடங்குங்கள் என்று நான் சொல்லமாட்டேன். இருக்கும் நிதியங்களே போதும். இஸ்லாமிய அபிவிருத்தி வங்கி, அங்கத்துவமற்ற நாடுகளின் முஸ்லிம் மாணவர்களுக்காக நடத்திய புலமைப்பரிசிலின் அமைப்பு நமது மூத்தவர்கள் பலருக்குத் தெரியும். மாணவருக்கு அது வட்டியில்லாக் கடன், சமூகத்துக்கு நன்கொடை. படித்து உழைக்கத் தொடங்கியவர் பணத்தைத் தன் சமூகத்தின் நிதியத்துக்குத் திருப்பிக் கொடுக்க, அது அடுத்த பிள்ளைக்குப் போகும். அதே ஒழுங்கைக் கருவிக்கும் பயன்படுத்தலாமே? அதைவிட நல்லது, ஒரு முதலாளி கொடையாளியாக வராமல் முதல் வாடிக்கையாளராக வருவது. தேயிலைத் தொழிற்சாலை, கல்லுடைக்கும் தளம், மலைப்பாதையில் லொறி ஓட்டும் கம்பனி எல்லாவற்றுக்கும் மழைக்கணக்கு காசு பெறுமதியானது. மூன்று கருவி, இரண்டு வருடப் பராமரிப்பு, மாதமொருமுறை சுத்தம் செய்யும் பொறுப்பு என்று எழுதி ஒப்பந்தம் போட்டால் மாணவரும் விலைப்பட்டியல் எழுதப் பழகுவார். கொடை வாங்கும் பிள்ளையிடம் கருவி ஏன் நேற்று வேலை செய்யவில்லை என்று யாரும் கேட்பதில்லை. வாடிக்கையாளர் கேட்பார்.

ஒரு விடயத்தில் மட்டும் கவனம் வேண்டும். இந்தக் கருவி அரச எச்சரிக்கைக்குப் பதிலாக அமையக் கூடாது. ஊரை எழுப்பும் அதிகாரம் தனியாரிடம் போனால், இரண்டு பொய் அலாரத்தோடு மூன்றாவதை எவரும் நம்பமாட்டார். கணக்கு, கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் போகட்டும். கருவியை வைக்கப் பாடசாலை வளவு நல்ல இடம். ஆபிரிக்காவில் 'டாமோ' திட்டத்தார் தமது வானிலை நிலையங்களைப் பாடசாலைகளில் வைக்கிறார்கள். காவலும் கிடைக்கிறது, பிள்ளைகளுக்குப் பாடமும் கிடைக்கிறது.

ஒக்டோபர், நவம்பர் இடைப்பருவ மழைக்குள் மூன்று கருவிகளும் களத்தில் நிற்க வேண்டுமானால், ஒப்பிட்டுத் திருத்த ஆறு வாரம், பாகங்கள் வாங்கிப் பொருத்த ஒரு மாதம். அப்படிப் பார்த்தால் ஓடர் ஜூலை முடிவதற்குள் அவர் கைக்குப் போயாக வேண்டும்.